முதல் பக்கத்தில் ட்ரம்மர் யார்

ரெக்கார்டு மேல ஊசி இறங்கியாச்சு. முதல்ல அந்தச் சரசரப்பு, ரெண்டு சுத்து, மூணு சுத்து, இதுவாவது எனக்குக் கேக்குதான்னு பார்த்தேன், கேக்குது, இல்ல கேக்குதுன்னு நினைச்சுக்கிறேன், ஊசி தட்டைத் தொட்டா சரசரக்கும்னு தெரியுமே, தெரிஞ்சது எது கேட்டது எதுன்னு பிரிச்சுச் சொல்ல இப்பல்லாம் என்னால முடியறதில்ல. நெவில் எழுந்துபோய் ஃபேனை நிறுத்திட்டார். அவர் வீட்டுச் சட்டம் அது, ரெக்கார்டு ஒரு பக்கம் ஓடி முடியற இருபது நிமிஷமும் ஃபேன் கூடாது, பேச்சு கூடாது, இருமல் வந்தா வாசலுக்குப் போயிடணும். மே மாசம், பகல் பதினோரு மணி, பொன்மலைப்பட்டி வெயில், ஃபேன் இல்லாம வேர்த்து வழிஞ்சுக்கிட்டு ஜாஸ் கேக்க நாலு பேர் உக்காந்திருக்கோம்னா யாரும் நம்ப மாட்டாங்க, நம்பாட்டிப் போகட்டும். பதிமூணு வருஷமா ரெண்டாவது ஞாயித்துக்கிழமை தவறினதில்ல. நெவில், ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனவர், ஆங்கிலோ இந்தியர், பிளேயர் அவரோடது. இன்னாசி, சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிறவர், வாயைத் திறக்கவே மாட்டார். மணிமாறன், மாட்டாஸ்பத்திரி டாக்டர், வாயை மூடவே மாட்டார். அப்புறம் நான், திலகவதி, முப்பத்தஞ்சு வருஷம் தந்தி ஆபீஸ். எழுதற மூணு பேர் மடியிலயும் தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள் ஒண்ணு, ஒரு பக்கம் ராகு காலம் எமகண்டம், பின்பக்கம் வெள்ளை. ரெக்கார்டு கொண்டுவந்தவர் அட்டையைக் காட்ட மாட்டார். கேட்டு முடிச்சதும் யார் வாசிச்சது, எந்த வருஷம், எழுதிக் கொடுக்கணும். கடைசி வரி ட்ரம்மர் யார். அந்த வரி எனக்குன்னே வெச்சது, மத்தவங்க பாதி நேரம் அதை எழுதவே மாட்டாங்க, திலகா மேடம் சொல்லிடுவாங்கன்னு விட்டுடுவாங்க. இன்னிக்கு ரெக்கார்டு மணிமாறனோடது.

பியானோ வந்துடுச்சு. நல்லா கேக்குது, நடுவுல இருக்கிற கட்டைங்க எல்லாம் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குது, கீழ பேஸ், அந்தத் தடிக்கம்பி வாத்தியம், நடந்து போகுது, அது காதுல கேக்கறதுக்கு முன்னாடி நாற்காலி கால்ல தெரியுது, ஒரு கிடார் நறுக் நறுக்னு காய் நறுக்கிக்கிட்டே கூட வருது. மூணு பேர். நாலாவது ஆள் எங்க? இருப்பான். பியானோ, பேஸ், கிடார்னா பின்னாடி ஒருத்தன் பிரஷ்ஷை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான், குச்சியால அடிக்காம கம்பித் துடைப்பம் மாதிரி ஒண்ணால ட்ரம் தோல் மேல தேச்சுக்கிட்டே இருப்பான், ஷ்ஷ்ஷக் ஷ்ஷ்ஷக்னு. அந்தச் சத்தத்துக்காகத்தானே நான் இந்தக் கிறுக்குக்குள்ளயே வந்தேன். இருபது வயசு, தந்தி ஆபீஸ்ல சேர்ந்து மூணு மாசம், சூப்பர்வைசர் டோரதியம்மா ஒரு சாயங்காலம் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுக்கு, அதான் ரயில்வேக்காரங்க கிளப்புக்கு, கூட்டிக்கிட்டுப் போனாங்க, டீ, கேக், ஓரமா ரெக்கார்டு ஓடிக்கிட்டு இருந்தது, யாரும் கவனிக்கல. நான் கேட்டேன், யாரு உள்ள அரிசி புடைக்கிறாங்கன்னு. டோரதியம்மா சிரிச்ச சிரிப்புல கப்புல இருந்த டீ சாஸர்ல கொட்டிடுச்சு. ஆனா நான் சொன்னதுல என்ன தப்பு, எங்கம்மா முறத்துல புடைக்கிறப்ப அதே தேய்ப்பு, அதே தட்டு, அதே இடைவெளி. ஆம்ஸ்ட்ராங்குனா யாரு எலிங்டன்னா யாருன்னு எல்லாம் அப்புறம் தெரிஞ்சுக்கிட்டது, முதல்ல உள்ள வந்தது அந்தத் தேய்ப்புதான். இப்ப அது எங்க? முன்னாடி சாய்ஞ்சு பார்த்தேன். இடது காதைக் கொஞ்சம் திருப்பினேன், வேணும்னே செய்யற மாதிரி தெரியக்கூடாதுன்னு கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டேன். ஒண்ணும் இல்ல.

ஆறு மாசம் ஆகுது. முதல்ல கடுகு. எண்ணெய் காய்ஞ்சு கடுகைப் போட்டுட்டு நிக்கறேன், வெடிக்கவே இல்ல, என்னடா கடுகு இதுன்னு கடைக்காரனைத் திட்டிக்கிட்டே பார்க்கறேன், எல்லாம் வெடிச்சுக் கருகி வாசனை வந்துடுச்சு. அப்புறம் காஸ் லைட்டர். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை இதே நாற்காலில இன்னாசி கொண்டுவந்த பழைய ரெக்கார்டு, எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச ரெக்கார்டு, ட்ரம்ஸ் இருக்க வேண்டிய இடத்துல மழை விட்ட மாதிரி இருந்தது. குண்டு ட்ரம் கேக்குது, மேல இருக்கிற பித்தளைத் தட்டு சிம்பல் இல்ல, பிரஷ் இல்ல.  ஆனா அன்னிக்கு ட்ரம்மர் பேரை சரியாத்தான் சொன்னேன், ரெக்கார்டு தெரியுமே, எல்லாரும் தலையாட்டினாங்க. அதுல இருந்து ஆறு மாசமா இப்படித்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன், பியானோவை வெச்சுக் கணக்குப் போடறது, வருஷத்தை வெச்சுக் கணக்குப் போடறது, மத்தவங்க கால் ஆடறதைப் பார்த்துக் கணக்குப் போடறது. தில்லாலங்கடி வேலை. நானா இப்படின்னு இருக்கு. ஆனா ஒண்ணு, அந்த வேலையில ஒரு சுவாரசியமும் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. கேக்கற காலத்துல நான் நெவிலோட காலைப் பார்த்ததே இல்ல. இப்பத்தான் தெரியும், பில்லி ஹாலிடே பாடினா அவர் கட்டை விரல் மட்டும் மேல தூக்கிக்கும், பாட்டு முடியற வரைக்கும் கீழ இறங்காது.

காது டாக்டர்கிட்ட போகாம இல்ல. தில்லை நகர்ல ஒரு இடம், கண்ணாடி ரூம், காதுல மாட்டி கையில ஒரு பட்டனைக் கொடுத்தா அந்தப் பொண்ணு, சத்தம் கேட்டா அமுக்குங்கம்மான்னா. அமுக்கினேன். நாலஞ்சு சத்தம் கேட்டுச்சு, அப்புறம் கேக்கல. ஆனா அந்தச் சத்தம் எல்லாம் ஒரு தாளத்துலதான் வருது, மூணு வரும், கொஞ்சம் விடும், மூணு வரும், தந்தி ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் உக்காந்தவளுக்கு இது பிடிபடாதா. அமுக்கிக்கிட்டே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ தோள் லேசா அசையறதும் தெரிஞ்சது. உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கும்மான்னு சொல்லி ஒரு தாளைக் கையில கொடுத்தா, கோடு நேரா இருந்துச்சு. வாங்கிக்கிட்டு வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல நின்னு அழுதேன். யாரை ஏமாத்தினேன்? அவளுக்கு என்ன வந்தது. அந்தத் தாள் இப்பவும் பீரோவுல இருக்கு, எங்க வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு அப்ப ஏன் டிவியை ஊரே கேக்கற மாதிரி வெக்கறேன்னு கேட்டார், உங்களுக்குத்தான் காது மந்தம்னு சொல்லிட்டேன். பாவம் மனுஷன், அவரும் டெஸ்ட் எடுத்துக்கிட்டு வந்தார்.

முதல் பாட்டு முடிஞ்சுடுச்சு. ரெண்டாவது மெதுவான பாட்டு. மெதுவான பாட்டுலதான் பிரஷ் நல்லா தெரியும், தெரியணும். கண்ணை மூடிக்கிட்டேன். பியானோக்காரன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு, லெஸ்டர் குவின், சந்தேகமே இல்ல, வலது கை ஒரு வாக்கியத்தைப் பாதியில விட்டுட்டு மறந்துபோன மாதிரி இருந்து அப்புறம் வேற பக்கமா வந்து முடிப்பான், வேற யாருக்கும் அந்தக் குசும்பு வராது. குவின்னா ஹாங்க் டூலி. இட்லின்னா சட்னி. குவின் எங்க வாசிச்சாலும் பின்னாடி டூலிதான் ட்ரம்ஸ், ரெண்டு பேரும் பேசிக்காத வருஷம்கூட ரெக்கார்டு மட்டும் சேர்ந்து போட்டாங்கன்னு மணிமாறனே ஒரு தடவை அரைமணி நேரம் பேசினார். அப்ப டூலின்னு எழுதிடலாமா? எழுதிட்டா முடிஞ்சது. ஆனா கேக்காம எப்படி எழுதறது. இதுவரைக்கும் கேக்காம எழுதினது எல்லாம் எனக்கு முன்னாடியே தெரிஞ்ச ரெக்கார்டு, அது ஞாபகம், அதுல பொய் இல்லன்னு மனசைத் தேத்திக்கலாம். இந்த ரெக்கார்டை நான் வாழ்க்கையில கேட்டதில்ல. கண்ணைத் திறந்து நெவிலைப் பார்த்தேன். நெவிலோட இடது கை கால் முட்டி மேல இருக்கு, உள்ளங்கையை வெச்சு வட்டமா தேய்க்கறார், மெதுவா, ஒரே சீரா. பிரஷ்! அவருக்குக் கேக்குது, கை தானா கூடப் போகுது. அப்ப இருக்கு. எனக்குத்தான் இல்ல.

பயம்னா எனக்கு அடிவயித்துல வராது, கையில வரும், விரல் நுனி ஜில்லுனு ஆகிடும். பென்சிலைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். காது போனா என்ன, வயசு அறுபத்தேழு, பல்லு போகுது, கண்ணு போகுது, இதுவும் போகும், மிஷின் மாட்டிக்கிட்டா ஆச்சு, ஊர்ல எத்தனை பேர் மாட்டிக்கிட்டுத் திரியறாங்க. அது இல்ல. இந்த நாற்காலி. பதிமூணு வருஷம் முன்னாடி நான் இந்த வாசல்ல வந்து நின்னப்ப மூணு ஆம்பளைங்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க, இந்தம்மா எதுக்கு வந்திருக்காங்கன்னு. நெவில்தான் சரி உக்காருங்கன்னார். அன்னிக்கு மணிமாறன் ஒரு ரெக்கார்டுக்கு ட்ரம்மர் பேரைச் சொன்னார், நான் இல்லைன்னேன், இந்த ஆளுக்கு இடது கை கனமா விழுது, நீங்க சொல்றவருக்கு அப்படி விழாதுன்னேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தாங்க. அதோட சரி, எந்திரிச்சுப் போகச் சொல்ல யாருக்கும் மனசு வரல. எப்படிம்மா கண்டுபிடிச்சீங்கன்னு நெவில் கேட்டார். தந்தியில கட்டுக் கடான்னு யார் அடிக்கிறாங்கன்னு எங்களுக்குப் பேர் சொல்ல வேண்டியதில்ல, விழுப்புரத்துல இருந்து வர்றது சுந்தரேசன் கையா, புதுசா வந்தவன் கையான்னு ரெண்டு எழுத்துல தெரிஞ்சுடும், நடுங்குற கை, அவசரக் கை, வீட்டுல சண்டை போட்டுட்டு வந்த கை, எல்லாம் தெரியும், ட்ரம்ஸும் கைதானேன்னேன். எங்க வீட்டுல எனக்குப் பேர் அம்மா, அத்தை, மாமி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி. ஒரு மாசத்துல ஒரு நாள் மூணு மணி நேரம் மட்டும்தான் நான் காது. அது இல்லைன்னா இங்க நான் யாரு, டீ போட்டுக் கொடுக்கவா? மணிமாறன் ஒண்ணும் சொல்ல மாட்டார்னு நினைக்கிறீங்களா, பதிமூணு வருஷமா அவரை மட்டம் தட்டினதுக்கு எல்லாம் சேர்த்து வெச்சிருப்பார். நான் அவர் இடத்துல இருந்தா வெச்சிருப்பேன்.

மூணாவது பாட்டு. இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன், இந்தத் தடவை பயந்துக்கிட்டு இல்ல, என்னதான் இருக்குன்னு பார்ப்போமேன்னு. ஒரு வேடிக்கை சொல்றேன். கேக்காத இடத்துல ஒண்ணும் இல்லாம இல்ல. உத்துக் கேட்டா அங்க ஏதோ ஓடுது, ரொம்ப மெல்லிசா, ஷ்ஷ்ஷக், ஷ்ஷ்ஷக், கிடார் நறுக்குறதுக்கு நடுவுல, நான் நிறுத்தினா நின்னுடுது, நினைச்சா வருது. இது டூலியா, நானா? தந்தியிலயும் இப்படித்தான், பாதி வார்த்தை வர்றப்பவே மீதியைக் கை எழுதிடும், லைன்ல இரைச்சலா இருந்தா இன்னும் சுகம், கேட்டுக்கிட்டே காத்திருக்க வேண்டியதில்ல. ஒரு தடவை லால்குடிக்கு ஒரு தந்தி, மழை, லைன் ஒரே கரகரப்பு, பொண்ணு வீட்டுக்காரங்க வியாழக்கிழமை வர்றாங்கன்னு வந்தது, அதுக்கப்புறம் ஒரு வார்த்தை போயிடுச்சு, எல்லாரும் காலை வண்டியிலதானே வருவாங்க, காலைன்னு நானே போட்டுட்டேன். அவங்க வந்தது சாயங்கால வண்டி. மாப்பிள்ளையோட அப்பா மாலையும் கையுமா காலையில இருந்து ஸ்டேஷன்ல நின்னாராம், மாலை வாடிப்போச்சாம், மறுநாள் ஆபீசுக்கு வந்து ஒண்ணும் திட்டல, ஏம்மா, அந்தக் காலைங்கிறதை யாரும்மா அனுப்பினாங்கன்னு மட்டும் கேட்டார். நாற்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. அவர் முகம் மறந்துபோச்சு, கேட்ட கேள்வி மறக்கல. இப்ப இந்த ஷ்ஷ்ஷக்கை யார் அனுப்பறாங்க?

நாலாவது பாட்டு வேகமான பாட்டு, கடைசிப் பாட்டு, நேரம் ஆகுது. இன்னாசி எழுதி முடிச்சு தாளை நாலா மடிச்சுட்டார். நெவில் ஒரு கையால எழுதறார், இன்னொரு கை முட்டியில வட்டம் போட்டுக்கிட்டே இருக்கு. பாட்டு வேகமா போகுது, அவர் கை மெதுவாவே சுத்துது, அது எனக்கு ஒரு நொடி உறுத்துச்சு, உறுத்தினதோட விட்டுட்டேன், அவரவர் ரசனை. கடைசி வரியில 'தெரியல'ன்னு எழுதலாம். 'ட்ரம்ஸ் எனக்குக் கேக்கல'ன்னு எழுதலாம். மூணே வார்த்தை, பென்சிலைத் தாள்ல வெச்சுட்டேன்கூட, 'ட்ரம்ஸ்'னு எழுதியும் ஆச்சு. அதுக்கு மேல கை நகரல. மணிமாறன் பிளேயர் பக்கத்துல நின்னுக்கிட்டு என்னைத்தான் பார்க்கறார், மீசைக்குள்ள ஒரு சிரிப்பு, என்ன மேடம் இன்னும் எழுதலையாங்கிற சிரிப்பு. எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. எழுதினேன். ட்ரம்ஸ், ஹாங்க் டூலி. அதோட நிறுத்தியிருக்கலாம், நிறுத்தினேனா, 'ரெண்டாவது பாட்டில் பிரஷ் வேலை மிகச் சுத்தம்'னு ஒரு வரி சேர்த்தேன், அந்த நேர்த்தியான தந்தி ஆபீஸ் கையெழுத்துல. மடிச்சுக் கொடுத்துட்டேன். ஊசி தூக்கியாச்சு. நெவில் ஃபேனைப் போட்டார், காத்து வந்தது, அப்பாடான்னு இருந்துச்சு, பரீட்சை பேப்பரைக் கொடுத்துட்டு வெளிய வந்த மாதிரி.

மணிமாறன் அட்டையைப் பின்னால மறைச்சுக்கிட்டே பேச ஆரம்பிச்சார், அவருக்கு இது கல்யாணம் மாதிரி. இன்னிக்கு ஒரு சின்ன விஷமம் பண்ணியிருக்கேன், மேடத்துக்காகவே தேடிப் பிடிச்சதுன்னார். லெஸ்டர் குவின் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை டூலி இல்லாம உக்காந்த ரெக்கார்டு, ட்ரம்மரே கிடையாது, பியானோ, பேஸ், கிடார், அவ்வளவுதான், எத்தனை பேர் ஏமாந்தீங்கன்னு பார்ப்போம்னு சொல்லிட்டு நெவிலோட தாளைப் பிரிச்சார். குவின், ட்ரம்ஸ் இல்லை, கிடார் அந்த வேலையைப் பார்க்குதுன்னு இருந்தது. இன்னாசி கடைசி வரியில ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். நான் நெவில் கையைப் பார்த்தேன். ரெக்கார்டு நின்னு அஞ்சு நிமிஷம் ஆச்சு, உள்ளங்கை இன்னும் முட்டியில வட்டமா சுத்திக்கிட்டு இருக்கு. முட்டி வலி. தைலம் தேய்ச்சிருக்கார், வாசனை இப்பத்தான் மூக்குல ஏறுது.  நான் கேட்டதை, கேட்ட மாதிரியே எழுதியிருந்தா சரியா இருந்திருக்கும்.

மணிமாறன் என் தாளைப் பிரிச்சார். படிச்சார். சின்ன வரிதான், அவர் பார்த்துக்கிட்டே நின்னார், மீசைக்குள்ள இருந்த சிரிப்பு எங்க போச்சுன்னு தெரியல. தலை நிமிரல. இந்த ஆறு மாசத்தையும் அவர் ஒண்ணொண்ணா திருப்பிப் பார்க்கறார்னு எனக்குத் தெரிஞ்சது, நான் சொன்ன பேர் எல்லாம், நான் கழுத்தைச் சொறிஞ்சது, நெவில் காலைப் பார்த்தது எல்லாம். மாட்டுக்கு எங்க வலிக்குதுன்னு மாடு சொல்லாமலே கண்டுபிடிக்கிற மனுஷன். இதோ படிக்கப் போறார், பதிமூணு வருஷத்துக்கும் சேர்த்து. தாளை மடிச்சார். "மேடமும் ட்ரம்ஸ் இல்லைன்னுதான் எழுதிருக்காங்க," அப்படின்னார், "இவங்களை ஏமாத்த முடியுமா." தாளைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். நெவில் ரெண்டு தட்டு கை தட்டினார். இன்னாசி என்னைப் பார்த்து அதிசயமா பல்லைக் காட்டிச் சிரிச்சார். மணிமாறன் மட்டும் என்னைப் பார்க்கல, தட்டை ரெண்டாவது பக்கத்துக்குத் திருப்பப் போனார், அவசரமா, அவர் கை இவ்வளவு அவசரப்பட்டு நான் பார்த்ததில்ல.

சும்மா இருந்திருக்கலாம். காது தப்பிச்சது, நாற்காலி தப்பிச்சது, அவரும் சாகற வரைக்கும் சொல்ல மாட்டார்னு எனக்குத் தெரியும். ஆனா இனிமே ஒவ்வொரு ரெண்டாவது ஞாயித்துக்கிழமையும் அந்த மனுஷன் எனக்காகப் பொய்யைப் பையில வெச்சுக்கிட்டு வரணும். என்னால முடியாதுப்பா. "டாக்டர்,"னு கூப்பிட்டேன், குரல் எப்படி வந்துச்சுன்னு தெரியல, "நான் அப்படி எழுதல. ஹாங்க் டூலின்னு எழுதினேன். எனக்கு ஆறு மாசமா பிரஷ் சத்தம் கேக்கல."  நெவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இன்னாசி அவர் கையைப் பிடிச்சுட்டார். யாரும் என்னை எந்திரிக்கச் சொல்லல. எனக்கு அழுகை வரும்னு நினைச்சேன், அதுக்குப் பதிலா ஒரு கேள்விதான் வந்தது, இருபது நிமிஷமா கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இதுல ட்ரம்ஸ் நிஜமாவே இல்லையான்னு கேட்டேன். இல்ல மேடம், சத்தியமா இல்லன்னார் மணிமாறன், இப்பத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நீங்க மூணு பேர் கேட்டதும் நான் கேட்டதும் ஒண்ணுதான்,"ன்னேன். "இதுல எனக்கு எதுவும் விட்டுப்போகல. நான்தான் இல்லாததைத் தேடிக்கிட்டு, இருந்ததைக் கேக்கவே இல்ல. முதல் பக்கத்தையே மறுபடி போடுங்க."

நெவில் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.